சுண்ணாம்புக் கோடும் மூன்று அமைதிக் காவலர்களும்

சப்! கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் சப்!

கூடாரத்துக்குள் அறை விழும் சத்தம் கேட்டதும் ஹவில்தார் வேலப்பன் வாசலிலேயே நின்றுவிட்டார். அடித்துக்கொள்கிறார்களா? அதுவும் இன்றைக்கா? பத்து மணிக்குக் கர்னல் பரீட்சை வைக்க வருகிறார். அமைதிப்படைப் பயிற்சியில் உள்ளேயிருக்கும் மூன்று பேரும் தேறினால், வேலப்பனும் அவர்களோடு வெளிநாடு போகலாம். தேறாவிட்டால் அடுத்த மாதம் ஓய்வுதான். இருபத்தெட்டு வருஷச் சேவையில் அவர் விமானத்தின் அடிவயிற்றை மட்டுமே பார்த்திருக்கிறார்.

உள்ளே போனால், ஒச்சப்பன் தன்னைத்தானே அறைந்துகொண்டு நின்றான்.

"என்னடா இது?"

"கொசு சார். இடது கன்னத்துல."

"அப்போ வலது கன்னத்துல எதுக்கு அடிச்சே?"

"நீங்கதானே சார் சொன்னீங்க, ரெண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி நடத்தணும்னு."

பக்கத்தில் நின்ற சவரிராயனும் காதர்மைதீனும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். வேலப்பன் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு பக்கம்தான் அடித்தார். மூவரும் அவரை ஏமாற்றத்தோடு பார்த்தார்கள்.

காலையிலேயே மூவரும் மைதானத்தின் குறுக்கே சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். கோட்டுக்குக் கிழக்கே சிவப்புத் துண்டு ஊர், மேற்கே பச்சைத் துண்டு ஊர். வேறு அணிச் சிப்பாய்கள்தான் ஊர்க்காரர்களாக வேஷம் கட்டி, கிணற்றுத் தகராறு என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"உங்க மூணு பேரைத் தவிர ஒரு ஈ காக்கா கோட்டைத் தாண்டக் கூடாது," என்றார் வேலப்பன்.

"காக்காய்க்கு யார் சார் சொல்றது?" என்றான் காதர்மைதீன்.

பச்சைப் பக்கம் கர்னல் நாற்காலியில் அமர்ந்தார். சிவப்புப் பக்கம் தேர்ச்சித் தாளோடு வேலப்பன் நின்றார். பரீட்சை தொடங்கியதும் சிவப்பிலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்து ஒச்சப்பன் முதுகில் விழுந்தது. அவன் அதைப் பணிவாக எடுத்துக்கொண்டு பச்சைத் தலைவரிடம் போனான்.

"அண்ணே, அவங்க ஒண்ணு அடிச்சிட்டாங்க. நீங்களும் ஒண்ணு போட்டுடுங்க."

"எனக்கு உன் மேல கோபமே இல்லையேப்பா!"

"கோபம் வேண்டாம்ணே. செருப்பு போதும்."

அவர் லேசாகத் தட்டினார். மூவரும் கூடிப் பேசினார்கள்.

"சத்தமே வரலையே மாப்ளே."

"அரை அடின்னு வை."

"அப்போ இன்னொரு அரை வாங்கிட்டு வரேன்," என்று ஒச்சப்பன் கிளம்பினான். அது கொஞ்சம் ஓங்கி விழுந்துவிட்டது.

"ஐயையோ, இப்ப சிவப்புக்குக் குறையுதேடா!"

நாலாவது நடையில் இரண்டு ஊரும் சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. சிவப்புத் தலைவர் கண்ணைத் துடைத்தபடி, "யோவ், கிணத்தை நீங்களே வெச்சுக்கங்கய்யா!" என்று கையை விரித்துக்கொண்டு எழுந்தார். பச்சைத் தலைவர் கட்டிப்பிடிக்க ஓடிவந்தார்.

"சபாஷ்! சமாதானம்! தேறிட்டாங்க!" என்று கர்னல் துள்ளி எழுந்தார். "வேலப்பன், தாளைக் கொண்டாங்க, கையெழுத்துப் போடுறேன்!"

வேலப்பன் காதில் விமானம் இரைந்தது.

பீ...ப்! சவரிராயன் விசில் ஊதிவிட்டான். மூவரும் பாய்ந்து தலைவர்களைப் பிய்த்தெடுத்தார்கள்.

"கோட்டைத் தாண்டக் கூடாது!"

"சமாதானம் ஆயிட்டோம்யா!"

"ரொம்ப சந்தோஷம். அவங்கவங்க பக்கத்துல நின்னு ஆகுங்க."

தாளோடு ஓடிவந்த வேலப்பனையும் காதர்மைதீன் மறித்தான். "நீங்களும்தான் சார்."

"டேய், சொல்லிக்கொடுத்தவனே நான்தான்டா!"

"அதான் சார், மீற மாட்டோம்."

வேலப்பன் நீட்டிய காலைப் பின்னுக்கு எடுத்தார். இருபத்தெட்டு வருஷத்தில் யாரும் அவர் பேச்சை இவ்வளவு கேட்டதில்லை.

"தாளை மட்டும் நீட்டினா?" என்றார் கர்னல், தன்னையறியாமல்.

மூவரும் ஆலோசித்தார்கள். "ஈயே கூடாதுன்னா, தாள் எப்படி சார்?"

"கோடு எங்கேயாவது முடியுமில்ல? சுத்தி வரேன்!" என்று கர்னல் பேனாவோடு கோட்டை ஒட்டி விறுவிறுவென்று நடந்தார். மறுபக்கம் தாளோடு வேலப்பன். கோடு வேப்பமரத்தடியில் முடிந்திருந்தது. அவர்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒச்சப்பன் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு, காலையில் விட்ட இடத்திலிருந்து கோடு போட ஆரம்பித்திருந்தான்.

கர்னல் நடையை எட்டிப் போட்டார். ஒச்சப்பனும் எட்டிப் போட்டான். மைதானம் முடிந்து, கேட் முடிந்து, கோடு தார்ரோட்டில் இறங்கி, பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களை இரண்டு பங்காகப் பிரித்துக்கொண்டு போனது.

வாளி காலியாகப் போகிறது என்று கர்னலுக்கு நம்பிக்கை வந்த நேரத்தில், சவரிராயன் இன்னொரு வாளியோடு ஓடி வந்து சேர்ந்தான். ஒச்சப்பன் அதை வாங்கிக்கொண்டு, மறுபடி குனிந்தான்.