கிளிப் பாவாடைத் துணி

எங்கள் மடத்துச் சாமி உபதேசம் என்று உட்கார்ந்து பேசுகிறவர் இல்லை. கேட்டால் ஒரு வார்த்தை வரும். அதுவும் பாதி நாள் திட்டாகத்தான் வரும். அடுப்படி என் பொறுப்பு என்பதால் திட்டில் முக்கால்வாசி எனக்குத்தான் விழும்.

சண்முகவடிவு வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போகிறவள். ஒரே மகள் கோமு, எட்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அந்த வருஷத் தீபாவளிக்கு எடுத்த பாவாடைத் துணியைத் தைக்கக் கொடுப்பதற்குள் பிள்ளை போய்விட்டது. ரோஸ் துணியில் பச்சைப் பச்சையாய்க் கிளிகள். வடிவு நீலத்தில் பூப் போட்டதைத்தான் எடுத்தாளாம். கிளிதான் வேண்டுமென்று கோமு கடையிலேயே தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

அந்தத் துணியை வடிவு டிரங்குப் பெட்டிக்குத் தக்கபடி மடித்து வைத்தாள். வருஷா வருஷம் தீபாவளியன்று எடுத்து, மற்றப் புதுத்துணிகளோடு விளக்குக்கு முன்னால் வைப்பாள். எல்லாத் துணிக்கும் ஓரத்தில் மஞ்சள் வைப்பாள். இதற்கு மட்டும் கை போகாது. உடுத்த ஆள் இல்லையே! திரும்ப அதே மடிப்பில் மடித்து, கையால் நீவி நீவிப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள்.

போன தீபாவளிக்கு மறுநாள் தலைவிரிகோலமாக ஓடி வந்தாள்.

"துணி மடிப்பெல்லாம் நைஞ்சு விட்டுப்போச்சு சாமி. தொட்டா பிரியுது. இனிக் கிழியாம இருக்க ஒரு வழி சொல்லுங்க. அவளுதுன்னு எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

"போர்வையாத் தைச்சுப் போர்த்திக்கோ."

"வெட்டவா சொல்லுதீங்க?"

"வெட்டாம எப்படித் தைப்ப?"

"பிள்ளை பெத்த வயிறா உங்களுக்கு? எப்படித் தெரியும்!" என்று கத்திவிட்டுப் போய்விட்டாள்.

எனக்குப் பதறிவிட்டது. சாமியை யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் அன்றைக்குச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினார்.

பல வெள்ளிக்கிழமை வடிவு வரவில்லை. மார்கழிக் குளிரில் ஒருநாள் பெட்டியும் கத்தரியுமாக வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். கத்தரியைத் துணியில் வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். பிறகு "கோமு, கோமு" என்று சொல்லிக்கொண்டே வெட்டினாள். எனக்கு அடுப்படியில் நிற்க முடியவில்லை. கொல்லைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நான் கொடுத்த பழைய நூல்சேலை ஒன்றை நாலாக மடித்து அடியில் விரித்தாள். மேலே கிளிகளைக் கட்டம் கட்டமாக ஒட்டுப் போட்டுத் தைத்தாள். பொங்கலுக்குள் போர்வை முடிந்தது. பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள்.

"அடியம்மா, ஒரு கிளிக்குக்கூடச் சேதமில்லையே!" என்றேன் நானும்.

"மஞ்சள் குழைச்சுத் தாங்கக்கா," என்றாள்.

கொண்டுவந்து கொடுத்தேன். விரலில் தொட்டுப் போர்வை ஓரத்துக்குக் கொண்டுபோனாள்.

"பொறு," என்றார் சாமி. போர்வையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "மடிப்பு எங்கே?"

"அது நைஞ்ச துணி சாமி. வெளுத்து, நூல் நூலா நிக்கி. வெட்டித் தள்ளிட்டேன். அக்காகிட்ட அடுப்புல போடக் கொடுத்தேன்."

சாமி என்னைப் பார்த்தார். நல்லவேளை, நான் போடவில்லை. கரித்துணிக்காவது ஆகுமே என்று விறகுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். அவரே எழுந்து அடுப்படிக்குள் போனார். அந்தக் கிழிசலையெல்லாம் எடுத்து, தூசி தட்டி, கொண்டுவந்து வடிவின் மடியில் வைத்தார்.

"இது எப்படி நைஞ்சது?"

"என்னாலதான் சாமி. எடுக்காம விட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்காது. வருஷா வருஷம் எடுத்து எடுத்து, நீவி நீவி, என் கையாலயே அறுத்துட்டேன். பாவி நான்! பிள்ளையையும் காப்பாத்தல, துணியையும் காப்பாத்தல."

தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓயும்வரை சாமி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு பேசியபோது அவர் குரலில் திட்டு இல்லை.

"கிளி உன் மக எடுத்தது. மடிப்பு நீ மடிச்சது. மகளை மட்டும் தைச்சுட்டியே, தாயை எங்க போட்ட?"