மானைத் தேடி வந்த வக்கீல்

முள்ளிக்காட்டில் யானைகள் தண்ணீருக்கு இறங்கும் தடத்தில் ஒரு புள்ளிமான் அடிபட்டது. யானைகள் வேண்டுமென்று செய்யவில்லை. திடீரென்று இடி இடித்தது, கூட்டம் மிரண்டு ஓடியது. குட்டியை ஓரமாகத் தள்ளிவிட்ட தாய்மானுக்குத் தான் விலக நேரம் கிடைக்கவில்லை. பின்னங்கால் மிதிபட்டு ஒடிந்துவிட்டது.

புழுதி அடங்குவதற்குள் ஓடைக்கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி கத்தத் தொடங்கியது. காட்டில் யார் விழுந்தாலும் முதலில் பார்ப்பது அதுதான். பார்த்ததை உடனே கழுதைப்புலிக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று ஏற்பாடு. பதிலுக்கு, தரையில் கிடக்கும் குருவியின் முட்டைகளைக் கழுதைப்புலி தொடாது. வெட்டவெளியில் முட்டையிடும் பறவை பாவம், வேறென்ன செய்யும் என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். அந்தக் குருவி கத்திய இடத்தில் எல்லாம் யாரோ அழிந்துபோனார்கள்.

அந்தக் காட்டுக்குக் கழுதைப்புலிதான் வக்கீல். நியாயம் சொல்வது புலி. மாதம் ஒருமுறை வழுக்குப்பாறையில் சபை கூடும். அடிபட்டவரின் வழக்கைச் சபை விசாரித்து முடிக்கும்வரை அவரை யாரும் வேட்டையாடக் கூடாது. அடித்தவர் தம் மேய்ச்சலில் ஒரு பங்கை அடிபட்டவருக்கு விட்டுத் தர வேண்டும். இன்னொரு கட்டளையும் இருந்தது. அடிபட்டவர் வக்கீலைத் தேடிப் போகலாம், வக்கீல் அடிபட்டவரைத் தேடிப் போகக் கூடாது. வலியில் கிடப்பவர் எதற்கும் தலையாட்டுவார் என்பது அந்தக் கட்டளையைப் போட்ட பழைய புலிக்குத் தெரிந்திருந்தது.

கட்டளை இருந்தால் என்ன, கழுதைப்புலி வந்து சேர்ந்துவிட்டது.

"தண்ணி குடிக்க வந்தேம்மா. உன்னைப் பார்த்ததும் மனசு கேக்கல" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. யானைகளின் மூங்கில் சரிவு முழுவதையும் வாங்கித் தருவதாகச் சொன்னது. கோடையிலும் பச்சை மாறாத சரிவு அது. குட்டி காலம் முழுக்கப் பசி அறியாமல் வளரும் என்றது. மானுக்குக் கண் நிறைந்துவிட்டது. தாய் மனசு குட்டி என்ற சொல்லில்தான் விழுகிறது.

"உங்களுக்கு நான் என்ன தரணும் ஐயா?"

"நான் என்ன மூங்கிலா தின்கிறேன்? எனக்கு ஒரு குருத்துகூட வேண்டாம்."

எவ்வளவு நல்ல மனசு என்று மான் நினைத்தது. கழுதைப்புலி இரண்டே இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தது. புலி கேட்டால், தானாகவே வக்கீலைத் தேடிப் போனதாகச் சொல்ல வேண்டும். சபை கூடும்வரை காலுக்கு எந்த வைத்தியமும் கூடாது.

"கட்டுப் போட்டா காயம் ஆறிடும். காயம் ஆறினா வழக்கும் ஆறிடும்" என்றது.

அன்று மாலையே மூத்த பெண் யானை வந்தது. கட்டுப் போடத் தெரிந்த குரங்கு ஒன்றையும், காலில் வைத்துக் கட்ட மூங்கில் பத்தைகளையும், கசக்கிய பச்சிலையையும் கொண்டுவந்திருந்தது. தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டது.

"எங்க தப்புதான் தாயி. கால் கூடுற வரைக்கும் குருத்தும் தண்ணியும் நாங்களே கொண்டுவந்து போடறோம். முதல்ல கட்டுப் போட்டுக்க."

மான் புதர்ப் பக்கம் பார்த்தது. புதருக்குள் கழுதைப்புலி வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டியது. மான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதுவானாலும் சபையில் பேசிக்கொள்ளலாம் என்றது. யானை பத்தைகளை அங்கேயே வைத்துவிட்டுப் போனது. அவற்றையும் கழுதைப்புலி கவ்விப் போய் ஓடையில் போட்டது.

கால் வீங்கியது, பிறகு கறுத்தது. ஈ மொய்த்தது. குட்டி நக்கி நக்கிப் பார்த்தது. யானையைக் கூப்பிடட்டுமா என்று அது கேட்டபோதெல்லாம், கொஞ்ச நாள்தான் என்று தாய் சொன்னது. கழுதைப்புலி நாள் தவறாமல் வந்து, காயத்தை முகர்ந்து பார்த்து, வழக்கு நன்றாக வளர்கிறது என்று சொல்லிவிட்டுப் போனது.

சபை கூடியது. மற்ற மான்கள் தாய்மானை முட்டித் தள்ளி, இழுத்து, பாறையடிக்குக் கொண்டுவந்தன. மூத்த யானை ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை. குற்றம் தங்களுடையது, எதைக் கேட்டாலும் தருகிறோம் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு வக்கீலுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் சரிவு முழுவதும் வேண்டும், யானைகள் அதில் கால் வைக்கக் கூடாது என்று கழுதைப்புலி பொழுது சாயும்வரை பேசியது.

புலி மானைப் பார்த்துக் கேட்டது. "நீ வக்கீலைத் தேடிப் போனாயா, அவர் உன்னைத் தேடி வந்தாரா?"

"நானேதான் போனேன் ராஜா."

புலி அந்தக் காலைப் பார்த்தது. இந்தக் காலோடு வக்கீலின் குகைவரை எப்படி நடந்தாய் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பேச்சைக் கேட்டுக் கேட்டு அதற்குத் தூக்கம் வந்துவிட்டது. மூங்கில் சரிவு முழுவதும் மானுக்கே, இனி யானைகள் அதில் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லி எழுந்து போனது. சபை கலைந்தது.

சரிவு மலைப்பாதியில் இருந்தது. மான் மூன்று காலில் தத்தித் தத்திப் போய் அடிவாரத்தில் விழுந்தது. பச்சைக் குருத்துகள் கண்ணுக்குத் தெரிந்தன, வாய்க்கு எட்டவில்லை. கழுதைப்புலி கொஞ்ச தூரத்தில் வந்து உட்கார்ந்தது.

"ஐயா, யானையைக் கூப்பிடுங்க. ரெண்டு குருத்து ஒடிச்சுப் போடட்டும்."

"அவங்க இனி இங்க வரக் கூடாதே. நாமதானே கேட்டு வாங்கினோம்?"

"வழக்குதான் முடிஞ்சுதே. நீங்க ஏன் இன்னும் போகல?"

கழுதைப்புலி எழுந்தது. இருந்த இடத்திலிருந்து சற்று நெருங்கி உட்கார்ந்தது. மூங்கில் தின்னாதவர் எதைத் தின்பார் என்று தான் ஒருநாளும் கேட்கவில்லையே என்பது மானுக்கு அப்போதுதான் உறைத்தது.

"யானைத் தடத்துக்கு ஓடுடா கண்ணு. திரும்பிப் பார்க்காத" என்றது பக்கத்தில் நின்ற குட்டியிடம்.

குட்டி ஓடியது. யானைகளின் காலடியில்தான் அது வளர்ந்தது. தாய் வென்று கொடுத்த சரிவை நோக்கி அது ஒருநாளும் போகவில்லை. அங்கே குருத்துகள் தின்ன ஆளில்லாமல் முற்றி நின்றன.

சில நாள் கழித்து ஓடைக்கரையில் ஆள்காட்டிக் குருவி மறுபடி கத்தியது. பாறை உருண்டு ஒரு முள்ளம்பன்றி அதன் அடியில் சிக்கியிருந்தது. கழுதைப்புலி வாயைச் சுத்தமாக நக்கித் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கக் கிளம்பியது.

விழுந்தவரைத் தேடி ஓடி வருகிறவரெல்லாம் தூக்கிவிட வருவதில்லை. ஆகவே முதலில் காயத்துக்குக் கட்டுப் போடுங்கள், பிறகு எழுந்து நடந்து வழக்குக்கு வக்கீலை நீங்களே தேடிப் போங்கள்.