கல்லைத் தூக்கிய கரடியைத் தூக்கிய கதை

மூங்கில்பள்ளம் காட்டில் கால்பந்து என்றால் எல்லோருக்கும் உயிர். வற்றிப்போன குளம்தான் மைதானம். காட்டு அணியில் பதினோரு பேர் முழுநேர ஆட்டக்காரர்கள். அவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாட்டைக் காடே கொடுக்கும். அதைவிடப் பெரிய சலுகை ஒன்று உண்டு. அணியில் இருப்பவரை யாரும் வேட்டையாடக் கூடாது. புலிகூட ஒதுங்கி வழிவிட வேண்டும்.

அந்த அணியில் ஓர் இடம் காலியானது. கோல் போடும் குரங்கு வெளியூர் ஆட்டத்துக்குப் போன இடத்தில் ஒரு வாழைத்தோப்பைப் பார்த்தது. அவ்வளவுதான், திரும்பி வரவில்லை.

செய்தி மிளகியின் காதுக்கு எட்டியது. மிளகி ஒரு சருகுமான். உயரம் ஒரு முழம்கூட இல்லை. நரி வந்தாலும் பதுங்கும், மலைப்பாம்பு வந்தாலும் பதுங்கும். பிறந்ததிலிருந்து சருகுக்குள் பதுங்கிப் பதுங்கியே அதற்கு வாழ்க்கை வெறுத்துவிட்டது. பதுங்காத நேரத்தில் நெல்லிக்காயை உதைத்துக்கொண்டிருக்கும். உதைத்த காய் நினைத்த இடத்தில் போய் விழும்.

"அந்த இடம் எனக்குக் கிடைச்சா நான் வெட்டவெளியில நடப்பேன்" என்று மிளகி தனக்குள் சொல்லிக்கொண்டு மைதானத்துக்கு ஓடியது.

அங்கே தேர்வாளர் கொம்பையா நின்றிருந்தது. கொம்பையா ஒரு காட்டெருமை. வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட உதைத்ததில்லை. ஆனாலும் அதை எதிர்த்து யாரும் பேசுவதில்லை. அதன் கொம்பைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்.

"முழுநேர ஆட்டக்காரன்னா பலம் வேணும்" என்றது கொம்பையா. "அதோ கிடக்குது பாருங்க இளவட்டக்கல். அதை அதிகத் தடவை தலைக்கு மேல தூக்குறவருக்கு இடம். ஒரு மாசம் டயம் தர்றேன்."

இளவட்டக்கல் என்பது மாப்பிள்ளையின் பலத்தைப் பார்க்கத் தூக்கச் சொல்லும் கல். உருண்டையாக, வழுவழுவென்று, பிடிக்க ஒரு காதுகூட இல்லாமல் இருக்கும்.

"ஐயா, ஆடப் போறது கால்பந்து. கல்லைத் தூக்கப் போறது கை. ரெண்டுக்கும் என்னங்கய்யா சம்பந்தம்?" என்று மிளகி கேட்டது.

"எங்கப்பா காலத்துலயும் இதே கல்தான்" என்றது கொம்பையா.

மிளகி கல்லருகே போய் முன்னங்கால்களால் முட்டுக் கொடுத்தது. குளம்பு வழுக்கி, முகம் கல்லில் இடித்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது கரடி பூதலிங்கம்.

"தள்ளி நில்லு, மிளகு. பந்துன்னு நெனச்சு உன்னை உதைச்சுடப் போறேன்" என்றது பூதலிங்கம். பிறகு கல்லைக் கட்டிப்பிடித்து, மூச்சைப் பிடித்து, ஒரே தூக்காகத் தலைக்கு மேல் தூக்கியது.

அன்றைக்கு மிளகி சருகுக்குள் படுத்து அழுதது. அழுது முடித்ததும் அதற்குச் சிரிப்பு வந்தது. ஒரு யோசனையும் கூடவே வந்தது.

மறுநாள் காலையில் அது கரடியின் குகை வாசலில் நின்றது. "அண்ணே, பயிற்சி எடுக்குறீங்களே, எத்தனை தடவைன்னு எண்ண ஆள் இருக்கா?"

பூதலிங்கத்துக்குப் பத்துக்கு மேல் எண்ண வராது. "நீ எண்ணுவியா?" என்றது.

"நாள் பூரா எண்ணுவேண்ணே. ஆனா ஒண்ணு. தூக்குறதுக்கு முன்னாடி நீங்க யோசிக்கிறீங்க. அங்கதான் பலம் வீணாகுது. உருண்டையா எது கண்ணுல பட்டாலும் யோசிக்கவே கூடாது. குனியணும், அணைக்கணும், தூக்கணும்."

கரடிக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. யோசிக்காமல் இருப்பது அதற்குச் சுலபமாக வந்தது. காலையில் கல்லைத் தூக்கியது. மத்தியானம் பலாப்பழத்தைத் தூக்கியது. சாயங்காலம் பந்துபோலச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்த அழுங்கை, அதாவது எறும்புதின்னியை, தூக்கியது. பாவம், அந்த அழுங்கு அதற்குப் பிறகு நீட்டிப் படுத்தே தூங்கியது. மிளகி பக்கத்தில் நின்று, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று ராகம் போட்டு எண்ணியது.

பரீட்சை நாள் வந்தது. பூதலிங்கம் கல்லை நாற்பது தடவை தூக்கியது. காடே கைதட்டியது. "இவன்தான் ஆட்டக்காரன்" என்று கொம்பையா அறிவித்தது.

மிளகி முன்னால் வந்தது. "ஐயா, இன்னிக்குச் சாயங்காலம் அருவிக்காட்டு அணியோட ஆட்டம் இருக்கே. அண்ணன் பாதி ஆட்டம் தாண்டிட்டார்னா நான் இனிமே பந்தைத் தொடவே மாட்டேன். தாண்டலைன்னா என்னை இறக்கணும்."

கொம்பையா சிரித்துக்கொண்டே தலையாட்டியது. சொன்ன சொல்லை மாற்ற முடியாது. தோற்றால் காலம் முழுக்கச் சருகுதான்.

நடுவர் மரங்கொத்தி பட்டமரத்தில் 'டொக் டொக்' என்று தட்ட, ஆட்டம் தொடங்கியது.

முதல் பந்து பூதலிங்கத்திடம் உருண்டு வந்தது. உருண்டையாக வந்தது. கரடி குனிந்தது, அணைத்தது, தலைக்கு மேல் தூக்கியது. "ஒண்ணு!" என்று பெருமையாகக் கத்தவும் செய்தது.

'டொக்!' பந்தைக் கையால் தொட்டது தவறு. அருவிக்காட்டு அணி உதைத்தது. மூங்கில்பள்ளத்தின் கோல்காப்பாளர் ஒரு முள்ளம்பன்றி. அது பந்துகளை நன்றாகத்தான் பிடிக்கும், ஆனால் பிடித்த பந்தெல்லாம் வெடித்துவிடும். அதனால் அது ஒதுங்கி நின்றது. கோல்.

"தூக்காதேடா, உதை!" என்று கொம்பையா கத்தியது.

இரண்டாவது பந்து வந்தது. கரடி உதைக்கத்தான் காலைத் தூக்கியது. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த மிளகி மெல்ல, "ரெண்டு..." என்று ராகம் போட்டது. கரடியின் கை தானாகப் போய்ப் பந்தை அணைத்தது. மறுபடியும் 'டொக்', மறுபடியும் கோல்.

மூன்றாவது தடவைதான் எல்லோருக்கும் வயிறு எரிந்தது. எதிரணியின் கோல் காலியாகக் கிடக்கிறது. பந்து கரடியின் காலடியில் நிற்கிறது. தும்மினால் போதும், உள்ளே போய்விடும். மிளகி வாயைத் திறக்கவே இல்லை. பூதலிங்கம் தானாகவே குனிந்து, அணைத்து, தூக்கி, "மூணு!" என்றது.

கொம்பையாவே கரடியை வெளியே கூப்பிட்டது. பாதி ஆட்டம் இன்னும் முடியவில்லை. கொம்பையா மிளகியைப் பார்த்தது. மிளகி ஏற்கெனவே கோட்டுக்குள் நின்றிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அருவிக்காட்டுக் கடமான்கள் யாரிடமும் சொல்வதில்லை. மிளகி அவற்றின் வயிற்றுக்கு அடியில் பந்தோடு புகுந்து புகுந்து ஓடியது. கடமான்கள் குனிந்து பார்ப்பதற்குள் பந்து கோலுக்குள் கிடந்தது. ஆட்டம் முடியும்போது மூன்றுக்கு இரண்டு, மூங்கில்பள்ளம் வெற்றி.

பூதலிங்கம் ஓரமாக உட்கார்ந்து தேம்பியது. "நாப்பது தடவை தூக்கினேனே. என்னை எதுக்குய்யா அணியில இருந்து தூக்கிட்டீங்க?"

"கல்லைத் தூக்கினே, சேர்த்தோம். பந்தையும் தூக்கினே, உன்னைத் தூக்கிட்டோம்" என்றது கொம்பையா.

மிளகிக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, எண்ணிக் கொடுத்து உங்களைக் கெடுத்தது நான்தான். நீங்க சிரிச்சது வலிச்சுது, அதான் செஞ்சேன்" என்று ஒத்துக்கொண்டது. பிறகு கொம்பையாவிடம் திரும்பியது. "ஐயா, அண்ணனைக் கோலுக்கு நிறுத்துங்க. அங்க கையால தூக்கினா யாரும் கேக்க மாட்டாங்க. நம்ம பந்தும் வெடிக்காது."

கொம்பையா யோசித்துவிட்டு, சரி என்றது. முள்ளம்பன்றி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது.

"இன்னொண்ணு கேக்கணும்யா" என்றது மிளகி. "நீங்க தேர்வாளர் வேலைக்கு வந்தப்ப, உங்களுக்கு என்ன பரீட்சை வெச்சாங்க?"

கொம்பையா தரையைப் பார்த்தது. "இதே கல்லுதான்" என்றது.

அடுத்த ஆட்டத்தில் பூதலிங்கம் தன் கோலுக்கு வந்த ஏழு பந்துகளையும் அணைத்துத் தூக்கியது. ஆட்டம் முடிந்து மிளகி வெட்டவெளியில் வீட்டுக்கு நடந்தது. எதிரே வந்த புலி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வழிவிட்டது.

எந்த வேலைக்கு ஆள் தேடுகிறோமோ அந்த வேலையைச் செய்யச் சொல்லித்தான் ஒருவரின் பலத்தைச் சோதிக்க வேண்டும்.