நான்காவது அடுப்பு

"இந்தக் கடுகெண்ணெய் நாத்தத்துல மனுஷி சாப்பிடுவாளா? என் ரசம் செத்துப்போச்சு! ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

இப்படிக் கத்தியது ரமணம்மா. ஓர் எழுத்து கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கையில் கரண்டி வேறு.

எதிரே நின்றவள் குந்தளா. ஒரியாக்காரி. மடத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவள் கையிலும் கரண்டி.

"உன் ரசமா? புளி கழுவின தண்ணி. அது நேத்தே செத்தாச்சு. என் எண்ணெய் மேல ஏன் பழி?"

"பாத்தீங்களா அவ வாய!"

"உன் வாயப் பாரு. பல்லு ரெண்டு, சத்தம் இருபது."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ரமணம்மாவுக்கே சிரிப்பு வந்தது. அதை மறைக்கத்தான் இன்னும் சத்தமாகக் கத்தினாள்.

சிரிக்காமல் நின்றவள் செண்பகவல்லி ஒருத்திதான். சமையற்கட்டு அவள் பொறுப்பு.

மலையடிவாரத்து மடம் அது. குருவைத் தவிர இருபத்துமூன்று பெண்கள். தமிழ் பேசுகிறவர்கள், தெலுங்கு, மலையாளம். ஒரியாவுக்குக் குந்தளா ஒருத்தி. எல்லோருக்கும் ஒரே கோட்டையடுப்பு. அதில் தினம் மூன்று வேளை சமையல், நான்கு வேளை சண்டை. அந்த அடுப்பைச் சுற்றி ஒரு பாஷைகூட உண்டாகியிருந்தது. வினைச்சொல் தமிழ், எண்ணிக்கை தெலுங்கு. திட்டுவதற்கு மட்டும் யாருக்கு எது காரமாகப் படுகிறதோ அது.

செண்பகவல்லி மடத்துக்கு வருமுன் பெண்கள் பள்ளியொன்றில் தலைமையாசிரியை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியே இருபத்திரண்டு வருடம் போயிருந்தது. கூச்சல் கேட்டால் அவள் கை தானாக மணியைத் தேடும்.

அன்றே அவள் குருவிடம் போனாள். குரு உமையாள் அம்மா அவளைவிடப் பத்து வயது இளையவர். குரு சீடரை அக்கா என்பார். சீடர் குருவை அம்மா என்பார். இருவருக்கும் அது பழகியிருந்தது, பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம்.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, இனி முடியாது. நான்கு ஊர்ச் சோறு ஒரே அடுப்பில் வேகாது."

"சரி."

"நான்கு அடுப்பு போட்டுவிடுகிறேன். அவரவர் சமையல், அவரவர் பந்தி. யாரும் யார் வழிக்கும் போக வேண்டாம்."

"போடுங்கள்."

செண்பகவல்லி நகரவில்லை.

"என்ன அக்கா?"

"அம்மா ஏதாவது சொல்வீர்கள் என்று நினைத்தேன்."

"நீங்கள் கேட்கவில்லையே. சொன்னீர்கள்."

நான்கு அடுப்பும் வந்தது, மூலைக்கு ஒன்றாக. தமிழ் அடுப்பில் பத்துப் பேர். தெலுங்கு அடுப்பில் ஏழு. மலையாள அடுப்பில் ஐந்து. நான்காவது அடுப்பில் குந்தளா.

குந்தளாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை செண்பகவல்லி. சன்னல் உள்ள மூலையை அவளுக்குத்தான் கொடுத்தாள். கடுகெண்ணெயைச் சொல்லி வரவழைத்தாள்.

"ராணி மாதிரி தனி அடுப்பு உனக்கு. பார்," என்றாள்.

குந்தளா தலையாட்டினாள்.

ஒரே வாரத்தில் சண்டை நின்றது. வெளியூர் அன்பர்கள் சமையற்கட்டை எட்டிப் பார்த்து, "என்ன அமைதி, என்ன அமைதி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குருவுக்கு ஒவ்வொரு நாளும் ஓர் அடுப்பிலிருந்து முறைவைத்துத் தட்டு போனது. இரண்டு வருடம் இப்படியே.

ஒரு நாள் மதியம் தட்டு வரவில்லை.

"இன்று யார் முறை?" என்று குரு கேட்டனுப்பினார்.

நான்காவது அடுப்பின் முறை.

செண்பகவல்லி அந்த மூலைக்குப் போனாள். அடுப்பு துடைத்து மெழுகியிருந்தது. சாம்பல்கூட இல்லை. பாய் சுருட்டிச் சுவரோடு நின்றது. குந்தளா எப்போது போனாள் என்று கேட்டதற்கு நேற்று என்றாள் ஒருத்தி. முந்தாநாள் என்றாள் இன்னொருத்தி. திங்கட்கிழமை பார்த்தேனே என்றாள் மூன்றாமவள். எந்தத் திங்கள் என்று கேட்டால் அவளுக்கே சந்தேகம்.

செண்பகவல்லி குருவிடம் ஓடினாள்.

"அம்மா, குந்தளா போய்விட்டாள்."

"எப்போது?"

"தெரியவில்லை."

"ஏன்?"

"அதை உங்களிடம் கேட்கத்தான் வந்தேன். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை."

"சொல்லவில்லை."

"இரண்டு வருடமாக ஒரு சண்டை கிடையாது."

"கிடையாது."

"எண்ணெய் நாறுகிறது என்று ஒருத்தி மூக்கைப் பொத்தியதில்லை அம்மா!"

"ஒருத்தி மூக்கும் அந்தப் பக்கம் போகவில்லையே அக்கா."

செண்பகவல்லி உட்கார்ந்துவிட்டாள்.

குரு அவள் எதிரே அமர்ந்தார்.

"அவளைப் பற்றிச் சொல்லுங்கள்."

"என்ன சொல்ல?"

"தெரிந்ததை."

"தும்மினால் மூன்று தும்மல் போடுவாள். மூன்றாவது முடிந்ததும் தானே சிரிப்பாள். பாகற்காயைத் தொடமாட்டாள். தங்கை ஒருத்தி உண்டு, மினதி என்று பெயர். வீட்டுக்குப் பின்னால் குளம். மழை வந்தால் தாமரை இலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இரண்டு பேரும் ஓடுவார்களாம்."

"இன்னும்?"

"இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் சாப்பிடுவாள். இது எங்கள் பழையதுதானே என்றேன். உங்களுது எங்களுதைப் பார்த்துக் கத்துக்கிட்டது என்றாள். இரண்டு நாள் அதற்கு வழக்கு நடந்தது அம்மா. மூன்றாம் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமல் கொள்ளாமல் என் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்துப் போட்டுக்கொண்டாள்."

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"என் வீட்டுக்காரர் போன பிறகு என் தட்டில் கை வைத்தவள் அவள் ஒருத்திதான்."

குரு கேட்டார்.

"இதெல்லாம் எந்த வருடம்?"

"ஒரே அடுப்பு இருந்த வருடம்."

"அதற்குப் பிறகு?"

செண்பகவல்லி யோசித்தாள். நெடுநேரம் யோசித்தாள்.

"எதிரே பார்த்தால் கும்பிடுவாள். நானும் கும்பிடுவேன்."

"மற்றவர்களைக் கேட்டு வாருங்கள் அக்கா. இந்த இரண்டு வருடத்தில் குந்தளாவைப் பற்றி அறிந்தது. ஒரே ஒன்று போதும்."

செண்பகவல்லி அடுப்பு அடுப்பாகப் போனாள்.

"அவள் நன்றாகப் பாடுவாள் சேச்சி," என்றாள் மலையாள அடுப்பின் மாளு.

"எப்போது கேட்டாய்?"

மாளு தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். "அப்போது. முன்பு."

கதை சொல்லுவாள் என்றாள் ஒருத்தி. அதுவும் முன்பு. கையில் பழைய தீக்காயம் ஒன்று உண்டு என்றாள் வேறொருத்தி. அதுவும் முன்புதான். தன் அடுப்பிலேயே மற்ற ஒன்பது பேரைக் கேட்டாள். ஒன்பது பேரும் அவளை மாதிரியே யோசித்தார்கள்.

ரமணம்மா அம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கேள்வியைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. இரண்டாம் தடவை கேட்டதும் சொன்னாள்.

"ரசம் நல்லாயிருக்குன்னு இப்ப தினம் சொல்றாங்க. ஆறு பேரும் சொல்றாங்க. யார் சொல்லி என்ன ஆகணும்?"

மறுபடி மிளகை நசுக்கினாள்.

செண்பகவல்லி திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. குரு அதே இடத்தில் இருந்தார்.

"ஒன்றும் கிடைக்கவில்லை."

"ஒன்றுகூடவா?"

"ஒன்றுகூட." அவளுக்குக் கோபம் வந்தது. குருவிடம் கோபிக்கக் கூடாது என்பது தெரிந்தும் வந்தது. "நீங்கள் ஏன் தடுக்கவில்லை அம்மா? நான் கேட்கவில்லை, சொன்னேன். சரி. நான் அசடு. போடுங்கள் என்று எப்படிச் சொன்னீர்கள்?"

"எனக்கும் காது வலித்தது அக்கா. ஒரு நாளாவது சத்தமில்லாமல் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இரண்டு வருடம் சாப்பிட்டேன்."

செண்பகவல்லி அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் எங்கே போய்ப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் இறங்கியது.

"நான் போய் அவளைக் கூட்டி வருகிறேன்."

"என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்?"

"வந்து சண்டை போடு என்று."

குரு சிரித்தார். அந்தச் சிரிப்பு சீக்கிரம் அணைந்தது.

"எங்கே போவீர்கள்?"

"அவள் ஊருக்கு."

"எந்த ஊர்?"

மடத்தில் சேருகிறவர்களிடம் ஊர், குலம் கேட்கும் வழக்கமில்லை. எங்கும் எழுதிவைப்பதும் இல்லை. பேச்சோடு பேச்சாக யாராவது சொன்னால் உண்டு. குளம் தெரியும். தாமரை இலை தெரியும். தங்கை பெயர் தெரியும். அந்தப் பேச்சு ஊர்ப் பெயருக்கு வந்து சேருமுன் நான்காவது அடுப்பு வந்துவிட்டது.

"உங்களிடமாவது சொல்லியிருப்பாளே அம்மா?"

"தட்டு வரும். நன்றாயிருக்கிறது என்பேன். தட்டு போகும்."

"அப்படியானால் நான் யாரைத்தான் கேட்பது?"

"கும்பிட்டுக்கொண்டவர்களிடம் கிடைக்காது அக்கா. சண்டை போட்டவளைக் கேளுங்கள்."

மாலைப் பந்தி உட்கார்ந்திருந்தது. மூன்று மூலையில் மூன்று வரிசை. கரண்டிச் சத்தம்தான் கேட்டது.

செண்பகவல்லி தன் வரிசைக்குப் போகவில்லை. கூடத்தைக் குறுக்கே கடந்தாள். இரண்டு வருடத்தில் சாப்பாட்டு வேளையில் யாரும் அப்படி நடந்ததில்லை. பிசைந்த கைகள் அப்படியே நின்றன. தெலுங்கு வரிசையில் ரமணம்மாவுக்கு நேர் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

ரமணம்மா தட்டைப் பார்த்தபடி இருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"ரமணம்மா, எத்தனை சண்டை போட்டிருப்பாய் அவளோடு. ஒரு நாளாவது அவள் ஊரை இழுத்துத் திட்டியிருப்பாய்."

ரமணம்மாவின் விரல்கள் சோற்றை அளைந்தன.

"நன்றாக யோசித்துப் பார். எந்த ஊர் என்று கேட்டுவிட்டுத்தானே திட்டுவாய்?"

மூன்று வரிசையும் ரமணம்மாவைப் பார்த்தது.

"அந்த ஊர்ப் பெயரை மட்டும் சொல்லேன்."