முப்பத்துநான்காம் வில்லை

எல்லையில் ஒன்பது பாசறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மருத்துவமனை, ஒவ்வொன்றிலும் ஒரு கூத்து. ஒன்றில் பதவி பார்த்து உள்ளே விட்டார்கள். இன்னொன்றில் கத்துகிறவன் முந்தினான். மூன்றாவதில் வெயில் ஏறியதும் வைத்தியர் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். எங்கே, எப்போது போனால் வைத்தியம் கிடைக்கும் என்று சிப்பாய்களுக்குத் தெரியாது.

தலைமை வைத்தியன் இளநாகன் எல்லாவற்றையும் ஒழித்தான். ஒன்பது இடத்திலும் ஒரே முறை. வருகிறவனுக்கு எண் பொறித்த பித்தளை வில்லை, அந்த எண்ணுக்கு ஒரு நேரம். கூப்பிடும்வரை யாரும் எழக் கூடாது, பேசக் கூடாது. சேனாதிபதிக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

மலையடிப் பாசறையில் காரி என்றொரு வாசல்காரன் இருந்தான். வரிசையில் ஒவ்வொருவனிடமும் பெயரும் ஊரும் கேட்பான். பத்து வருடம் பழகியவனிடமும் கேட்பான். பிறகு யாராவது ஒருவனை முந்தி அனுப்புவான். ஆள் பார்த்து அனுப்புகிறான் என்று இளநாகன் அவனைக் குதிரை லாயத்துக்கு மாற்றினான்.

அடுத்த மாதம் அதே முற்றத்தில் முப்பத்துநான்காம் எண்ணைக் கூப்பிட்டார்கள். அந்த வில்லையை வைத்திருந்த சிப்பாய் எழவில்லை. காலையில் ஒரு குதிரை அவன் வயிற்றில் உதைத்திருந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தபடியே இறந்திருந்தான்.

இளநாகனுக்கு வைத்தியம் சொல்லிக்கொடுத்த ஆசான் அந்தப் பாசறையில்தான் இருந்தார். இறந்தவர்களைக் குளிப்பாட்டும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவர். இளநாகன் போனபோது, சிப்பாயின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வில்லையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"முறையில் பிழை இல்லை, ஆசானே. எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்."

ஆசான் வில்லையைக் கழுவி இளநாகன் கையில் வைத்தார். அதைப் பார்த்தபடியே இளநாகன் சொன்னான்:

"இருபது அடியில் கதவு. இவனுக்கு வாய் இருந்தது. 'ஐயா, வலிக்கிறது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே ஓடி வந்திருப்பேன். ஏன் சொல்லவில்லை? நாளைக் காலையும் இதே முற்றத்தில் நாற்பது பேர் உட்காருவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது."

"தண்ணீர் போதவில்லை" என்றார் ஆசான். "காரியைக் கொண்டுவரச் சொல்."

காரி இரண்டு குடங்களோடு வந்தான். பலகையில் கிடந்தவனைப் பார்த்தான். குடங்களை இறக்கிவிட்டு ஓரமாக நின்றான்.

"காரி, வாசலில் எல்லோரிடமும் பெயரும் ஊரும் கேட்பாயே, எதற்கு?" என்றார் ஆசான்.

காரி இளநாகனைப் பார்த்தான்.

"சொல்லு" என்றான் இளநாகன்.

"வலிக்குதான்னு கேட்டா எவனும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க. சிப்பாயி இல்லீங்களா. பேரும் ஊரும் கேட்டா சொல்லித்தானே ஆவணும். ஊர்ப் பேரச் சொல்லி முடிக்கறதுக்குள்ள எவனுக்கு மூச்சு வாங்குதோ, எவனுக்குக் கொரலு எறங்குதோ, அவன மொதல்ல அனுப்புவேன்."

ஆசான் சிப்பாயின் முகத்தைத் துடைத்தார். இளநாகன் முகம் சிவந்துவிட்டது. அவமானம் பாதி, ஆத்திரம் பாதி.

"பாவி! இதை ஏன் அன்றைக்கே என்னிடம் சொல்லவில்லை? உன்னை மாற்றியபோது வாயை மூடிக்கொண்டுதானே போனாய்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேனா?"

காரி குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்றான். பார்வை எதிர்ச் சுவரில் இருந்தது.

"நீங்க எதுவும் கேக்கலீங்க ஐயா. லாயத்துக்குப் போன்னு உத்தரவு போட்டீங்க. போயிட்டேன்."

ஆசான் ஒரு குடத்தைச் சாய்த்துத் துணியை நனைத்தார். தலை நிமிரவில்லை.

"இளநாகா, இந்தச் சிப்பாய் ஏன் வாய் திறக்கவில்லை என்றுதானே கேட்டாய்?"