ஊற்றில் இருபது முறை

வறண்ட ஆற்று மணலில், உடலெங்கும் செதில் போர்த்த எறும்புதின்னியான ஓர் அலுங்கு விடாமல் தோண்டிக்கொண்டிருந்தது. கீழே ஊற்று இருப்பது அதன் மூக்குக்குத் தெரியும். நாளுக்கு இருபது முறை குடிக்கத் தண்ணீர் ஊறும் என்பதும் தெரியும். ஆனால் தனியாகத் தோண்டி முடிக்கத் தெம்பில்லை.

அந்தக் காட்டில் ஊற்றைக் கண்டவருக்கே குடிக்கும் முறை அத்தனையும் சொந்தம். துணைக்கு வருகிறவருக்கு அதிலிருந்து பிரித்துக் கொடுப்பது வழக்கம்.

ஆறு குட்டிகளின் தாயான காட்டுப்பன்றி வந்தது.

"ஆறு நாள் தோண்டுகிறேன். குட்டிக்கு ஒன்றாகத் தினம் ஆறு முறை கொடு. இன்னொன்று! எனக்குப் பிறகு வருகிறவருக்கு இதைவிட மலிவாக, குறைந்த வேலைக்குக் கொடுத்தால், என் ஆறு நாளையும் அதே கணக்கில் மாற்றித் தர வேண்டும்!"

"அதற்கென்ன, மாற்றிவிடலாம்! முதலில் தோண்டுங்கள் அக்கா!" என்றது அலுங்கு.

எவ்வளவு வரை மாறும், யார் பங்கிலிருந்து போகும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவசரக்காரருக்குக் காது பாதிதான் கேட்கும் போலிருக்கிறது.

பன்றி சொன்னபடி ஆறு நாள் தோண்டிவிட்டுக் குட்டிகளிடம் போனது. ஏழாம் நாள் பாறை தட்டியது. அலுங்கின் நகம் தேய்ந்ததே தவிர, பாறை அசையவில்லை.

நரி எட்டிப் பார்த்தது. "இரண்டு நாளில் பெயர்த்துத் தருகிறேன். எனக்குத் தினம் ஆறு முறை!"

"இரண்டு நாளுக்கா ஆறு? பன்றி அக்கா ஆறு நாள் உழைத்தார்களே!"

"அது மணல், இது பாறை. வேண்டாமென்றால் போகிறேன்!"

அலுங்கு தலையாட்டியது. பாறை பெயர்ந்தது. தண்ணீர் வந்தது!

குட்டிகளோடு வந்த பன்றி, நரிக் குடும்பம் ஆறு முறை குடிப்பதைப் பார்த்துவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் அதற்குப் பிடரி மயிர் சிலிர்த்தது.

"நரிக்கு ஒரு நாள் வேலைக்கு மூன்று முறையா? அப்படியானால் என் ஆறு நாளுக்குப் பதினெட்டு!"

அலுங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பதினெட்டும் ஆறும் இருபத்துநாலு! ஊறுவதே இருபதுதானே! நான் எதைக் குடிப்பேன்?"

"அதை வாக்குக் கொடுக்கும்போது யோசித்திருக்க வேண்டும்!"

அலுங்கு அழவில்லை. குழி விளிம்பில் உறுதியாக நின்றது.

"வாக்குக் கொடுத்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஊற்றைத் தினமும் மணல் மூடும் அக்கா. அந்தப் பாறை இடுக்கில் இறங்கித் தூர்வார என் உடம்பால்தான் முடியும். நான் தாகத்தில் செத்தால் உங்கள் பதினெட்டும் வெறும் மணல்தான்!"

பன்றி தன் குட்டிகளைப் பார்த்தது. "சரி, என்னதான் செய்யலாம் என்கிறாய்?"

"மலிவாகக் கொடுத்தது இரண்டு நாள் வேலைக்குத்தான். உங்கள் ஆறு நாளையும் அந்த இரண்டு நாளையும் சேர்த்துச் சராசரி பாருங்கள். எட்டு நாள் வேலைக்குப் பன்னிரண்டு முறை, ஒரு நாள் வேலைக்கு ஒன்றரை. அந்தக் கணக்கில் உங்கள் ஆறு நாளுக்கு ஒன்பது!"

பன்றி மூக்கால் மணலில் கோடு கிழித்து எண்ணிப் பார்த்தது. "ஒப்புக்கொண்டேன்! ஆனால் இனி யாரைச் சேர்த்தாலும் முதலில் என்னிடம் சொல்ல வேண்டும்!"

"சொல்கிறேன் அக்கா! இனி முழுதாகக் கேட்காமல் தலையாட்டவும் மாட்டேன்!"

இருபதுக்கும் சொந்தமாயிருந்த அலுங்கு, பன்றிக்கு ஒன்பதும் நரிக்கு ஆறும் போக மிஞ்சிய ஐந்தோடு தூர்வார இறங்கியது.

பங்கு குறையாதபடி காவல் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தக் காவல் யாரிடமிருந்து எவ்வளவு எடுக்கும் என்று முதல் நாளே கணக்குப் பார்க்காமல் வாக்குக் கொடுத்தவர், தான் தோண்டிய ஊற்றின் அருகிலேயே தாகத்தோடு நிற்க நேரும்.