வெங்காயத்தில் வீணானதைக் கழித்த அண்ணன் தம்பிகள்

ஊத்துப்பாளையம் காளியண்ணனுக்கு வாய்தான் மூலதனம். தொண்டை கிழியக் கத்தித்தான் அந்த வருசம் விதை வெங்காயத்துக்கு நல்ல விலை பேசியிருந்தார். வருசத்துப் பிழைப்பு மொத்தமும் கொட்டகையில் கிடந்தது. சாயங்காலம் வியாபாரியின் லாரி வரும்.

மூட்டை கட்ட நான்கு அண்ணன் தம்பிகளை வைத்திருந்தார். அவர்கள் அறிவைப் பற்றி ஊரில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. இருந்தால்தானே சந்தேகம் வரும்?

"வீணானதைக் கழிச்சுட்டு மூட்டை கட்டுங்கடா" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனார். அழுகலை, முளைவிட்டதை என்று விளக்காமல் போனது அவர் செய்த பாவம்.

முந்தின நாள்தான் வேளாண்மைக் கல்லூரி வாத்தியார் ஒருவர் வந்து பேசியிருந்தார். வெங்காயத்தின் குரோமோசோமுக்குள் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறதாம். தன்னைத்தானே நகல் எடுத்து எடுத்துக் காலங்காலமாகப் பெருத்துவிட்டதாம். நகல் எடுக்கையில் அங்கங்கே பிசகுமாம். நால்வரும் வாய் பிளந்து கேட்டார்கள். அதுதான் வினை.

மூத்தவன் நாச்சிமுத்து ஒரு வெங்காயத்தை உரித்தான். "தோலுக்குள்ள தோலு, அதுக்குள்ளயும் தோலு. வாத்தியார் சொன்னது நெசந்தான்டா!"

"அப்ப ஒரு தோலு போதுமுண்ணா. மிச்சம் நகலு, வீணு" என்றான் வெள்ளியங்கிரி.

உரித்து உரித்து, ஒரு வெங்காயத்துக்கு ஒரு வெளித்தோலை வைத்துக்கொண்டு, உள்ளிருந்ததையெல்லாம் பாழுங்கிணற்றில் கொட்டினார்கள். கண்ணீர் தாரைதாரையாக வடிந்தது. முதலாளி மேல் என்ன விசுவாசம் என்று பார்த்தவர்கள் உருகிப்போனார்கள்.

கடைக்குட்டி சென்னியப்பன் மட்டும் யோசனையாக நின்றான். "ஏண்ணா, இந்த வெங்காயத்துத் தோலும் அந்த வெங்காயத்துத் தோலும் ஒண்ணுதானே?"

நாச்சிமுத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அட ஆமாண்டா! முதலாளிக்கு எவ்வளவு பெரிய துரோகம் பண்ணப் பார்த்தோம்!"

மிச்சத் தோலையும் கிணற்றில் தள்ளிவிட்டு, ஒரே ஒரு தோலைச் சாக்கில் போட்டு, பத்திரமாக வாயைத் தைத்தார்கள்.

லாரி வந்தது. வியாபாரி மூட்டையைத் தொட்டார். அது காற்றில் பறந்தது. லாரி வந்த வழியே திரும்பிப் போனது.

சந்தையிலிருந்து திரும்பிய காளியண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரே மூஞ்சி, ஒரே புத்தி! என் குடியைக் கெடுக்க ஒருத்தன் பத்தாதா? அசல் எவனோ அவன் மட்டும் இருங்கடா! நகலெல்லாம் வெளியே போங்க!"

நால்வரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"நகல்னா பிசகியிருக்கும். எனக்குக் காது ஒட்டிக்கிடக்கு. நான் நகலு" என்றான் நாச்சிமுத்து.

"எனக்கு மூக்கு கோணலு" என்றான் வெள்ளியங்கிரி.

"எனக்குத் திக்குவாயி" என்று திக்காமல் சொன்னான் மூன்றாமவன் மாரப்பன்.

"எனக்கு ஒரு பிசகும் இல்லையே?" என்றான் சென்னியப்பன்.

"நம்ம குடும்பத்துல பிசகே இல்லைன்னா, அதைவிடப் பெரிய பிசகு ஏதுடா? நீயும் நகலுதான்" என்றான் நாச்சிமுத்து.

நால்வரும் எழுந்து துண்டை உதறினார்கள். "முதலாளி, அசலைத் தேடிக் கூட்டியாறோமுங்க. அதுக்குள்ள அவரே வந்துட்டா உட்கார வையுங்க. எங்களைத் தேடி அவரும் கிளம்பிட்டார்னா அப்புறம் சங்கடமுங்க."

கோபத்தையும் மீறிக் காளியண்ணன் கேட்டுவிட்டார்: "அவனை எப்படிடா அடையாளம் கண்டுபிடிக்கிறது?"

"எங்க நாலு பேரு புத்தியும் அவரு ஒருத்தர்கிட்டயே இருக்குமுங்க!"

காளியண்ணன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஓடிப்போய், காலிக் கொட்டகையை இழுத்துப் பூட்டினார்.